எதிர்ப்பு சக்திதான் இதயத்தைத் தடிக்க வைக்கிறதா?

கேள்வி: என் கணவருக்கு 49 வயது. லாரி ஓட்டுகிறார். லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்தில் பிரஷர் 170/104 என்றார்கள். எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடப்பக்கச் சுவர் 14 மி.மீ. தடித்திருக்கிறதாம். பம்பிங் 62 சதவீதம், அது நார்மல் என்றார்கள். பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் என் மகன், “நோய் எதிர்ப்பு சக்தியில் டோல் ரிசெப்டார் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் இதயத்தை வீங்க வைக்கிறது, அதை எடுத்துவிட்ட எலிகளுக்கு அவ்வளவாக வீங்கவில்லை” என்கிறான். நானோ கொரோனா காலத்திலிருந்து எதிர்ப்பு சக்தி கூட்டும் பொடி ஒன்றை அவருக்குத் தினமும் பாலில் கலந்து கொடுத்து வருகிறேன். நானே அவர் இதயத்தைக் கெடுத்துவிட்டேனா? அந்த ரிசெப்டாரை அடக்க மருந்து உண்டா? பிரஷர் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று சொல்லி அவர் பதினைந்தே நாளில் நிறுத்திவிட்டார்.
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் ‘நானே கெடுத்துவிட்டேனா’ என்ற வரிதான் என்னை உறுத்தியது. அதற்கு முதல் பதில். இல்லை, நீங்கள் கெடுக்கவில்லை. பாலில் கலந்த பொடி எதிர்ப்பு சக்தியை ஏற்றி, ஏறிய சக்தி இதயத்தில் போய் உட்கார்ந்து அதைத் தடிக்க வைக்காது. அந்தப் பொடியைப் பற்றி வேறொரு சந்தேகம் எனக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் மகன் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் அவர் பாதிக் கதையில் நின்றுவிட்டார். மீதியைத் தெரிந்துகொண்டால், உங்கள் கணவர் மாத்திரையை நிறுத்தியது எனக்கு ஏன் இவ்வளவு கவலை தருகிறது என்பது புரியும்.

எக்கோ ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் பேசும்போது ஒரு சொல் எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது: வீக்கம். சுவர் தடித்தாலும் ‘ஹார்ட் வீங்கியிருக்கு’ என்கிறோம். அறை விரிந்து தொளதொளத்துப் போனாலும் அதையேதான் சொல்கிறோம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி வந்தாலும் அதே சொல்தான். மூன்றும் வேறு வேறு கோளாறுகள். உங்கள் கணவருக்கு இருப்பது சுவர்த் தடிப்பு. கால் வீங்குவதுபோல நீர் கோத்துக்கொண்டதல்ல, தசையே பருத்திருக்கிறது. ஆணுக்கு இந்தச் சுவர் 6 முதல் 10 மி.மீ. வரை இருப்பது இயல்பு. 14 என்றால் நடுத்தரமான தடிப்பு.

மருத்துவம் படித்த காலத்தில் நோய்க்கூறியல் அருங்காட்சியகத்தில் ஃபார்மலினில் வைத்திருந்த இரண்டு இதயங்களை ஆசிரியர் எங்கள் கைகளில் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒன்று இயல்பானது, 300 கிராம் இருக்கும். இன்னொன்று பல வருடம் ரத்த அழுத்தத்தோடு வாழ்ந்தவருடையது. அரைக் கிலோவுக்கு மேல். குறுக்கே வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்த்தால், முதலாவதில் இரண்டு விரல் தாராளமாக நுழையும் அறை. இரண்டாவதில் சுவர் நாலாபக்கமும் உள்நோக்கி வளர்ந்து, கட்டைவிரலை நுழைக்கவே இடம் தேட வேண்டியிருந்தது. அதன் தசைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நார்க்கோடுகள். ஆசிரியர் அந்தக் கோடுகளைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். “தடிப்பைப் பார்க்காதே, இதைப் பார்” என்றார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இன்று ஒவ்வொரு எக்கோவின்போதும் அந்தக் கோடுகள் கண் முன் வருகின்றன.

சுவர் ஏன் பருக்கிறது? இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மகாதமனியில் இருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளினால்தான் ரத்தம் வெளியேறும். 120ஐ எதிர்த்துத் தள்ள வேண்டிய தசை, வருடக்கணக்கில் 170ஐ எதிர்த்துத் தள்ளுகிறது. இழுபடும் ஒவ்வொரு இழைக்கும் சுமை கூடுகிறது. சுவர் தடித்தால் அந்தச் சுமை அதிக இழைகளுக்குப் பங்காகி, ஒவ்வொன்றின் பாரமும் குறையும். எனவே ஆரம்பத்தில் தடிப்பது இதயம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிதான். புதுத் தசைச் செல்களைப் பெருக்கிக்கொள்வது பெரியவர்களின் இதயத்தால் அநேகமாக முடியாது. 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள்தான் புதிதாகின்றன, வயது ஏற ஏற அதுவும் பாதியாகக் குறைகிறது என்று 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆள் சேர்க்க முடியாததால் இருக்கிற செல்லே பருக்கிறது.

சரி, இழுபடும் செல்லுக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் என்ன தொடர்பு? உங்கள் மகனின் ‘டோல்’ இங்கேதான் வருகிறது.

இந்தப் பெயருக்கும் உங்கள் கணவர் தினமும் தாண்டும் சுங்கச்சாவடிக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மன் மொழியில் ‘டோல்’ என்றால் ‘அருமை’, ‘பிரமாதம்’. பழ ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் ஒரு மரபணுவுக்கு ஜெர்மனியின் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டின் ஆய்வுக்கூடம் வைத்த பெயர் அது. 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு அதே மரபணு பழுதான ஈக்களைப் பார்த்தது. பூஞ்சைத் தொற்றைத் தாங்காமல் அவை செத்தன. கருவில் உடலை வடிவமைத்த மரபணு, வளர்ந்த ஈயில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 1998இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் மேலுறை நச்சை எலி உடல் உணர்வது டோல் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஏற்பியால்தான், அதாவது ரிசெப்டாரால்தான் என்று காட்டினார். அதுதான் டி.எல்.ஆர்.4 (டி.எல்.ஆர். என்பது ‘டோல் போன்ற ஏற்பி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் 10 ஏற்பிகள் உண்டு.

நம் எதிர்ப்பு சக்தியில் இரண்டு அடுக்கு. தடுப்பூசி போட்டால் குறிப்பிட்ட கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு சண்டை போடும் அடுக்கு ஒன்று. அதற்கு நாள் பிடிக்கும். பிறக்கும்போதே கூட வருவது மற்றொன்று, அதற்குப் பயிற்சியெல்லாம் வேண்டாம். டோல் ஏற்பிகள் இந்தப் பிறவி அடுக்கைச் சேர்ந்தவை. ஊர்க் காவல்காரனுக்குத் திருடனின் பெயரோ முகமோ தெரியாது. இருட்டில் கையில் கன்னக்கோலோடு எவன் வந்தாலும் சத்தம் போடுவான். அதேபோல இவை கிருமிகளின் பெயரைப் பார்ப்பதில்லை, கிருமிகளுக்கே உரிய சில அடையாளங்களைப் பார்க்கின்றன.

பிரஷர்க்காரரின் இதயத்தில்தான் கிருமியே இல்லையே, பிறகு யாரைப் பார்த்துச் சத்தம்? 1994இல் பாலி மாட்ஸிங்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கருத்தை வைத்தார். எதிர்ப்பு அமைப்பு ‘இது அந்நியம்’ என்பதைவிட ‘இங்கே ஆபத்து’ என்பதையே கவனிக்கிறது என்றார் அவர். இது பின்னால் பல இடங்களில் உறுதிப்பட்டது. உள்ளே இருக்க வேண்டிய பொருள் வெளியே சிந்திக் கிடந்தால், செல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அளவுக்கு மீறி இழுபட்ட இதயச் செல்களிலிருந்து வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கசியும். உட்கருவில் இருக்க வேண்டிய ஹெச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் வெளியே வரும். செல்களைச் சுற்றியுள்ள வலைப்பின்னல் துண்டு துண்டாகும். இவற்றில் பலவற்றை டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.4 ஆகியவை ஆபத்து அடையாளமாகவே எடுத்துக்கொள்கின்றன.

இதில் எனக்கு இன்னும் வியப்புத் தீராத ஒன்று உண்டு. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்து நம் மூதாதைச் செல்லுக்குள் குடியேறியது. நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் டி.என்.ஏ.வில் பாக்டீரியாவின் சாயல் போகவில்லை. இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிறைந்து கிடக்கும். பழுதானதைச் செல் தனக்குள்ளேயே செரித்துவிட வேண்டும். அழுத்தத்தில் நசுங்கும் செல் அந்த வேலையில் பின்தங்கினால், செரிக்காத டி.என்.ஏ. மிஞ்சும். செல்லுக்குள்ளேயே இருக்கும் டி.எல்.ஆர்.9 அதைப் பார்த்துக் கிருமி புகுந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அந்த டி.என்.ஏ.வைச் செரிக்கும் நொதியை எலிகளின் இதயத்தில் மட்டும் நீக்கிவிட்டு அழுத்தத்தை ஏற்றினார்கள். இதயத்தில் கடும் அழற்சி வந்தது, எலிகள் இதயம் செயலிழந்து இறந்தன. டி.எல்.ஆர்.9ஐத் தடுத்தபோது பாதிப்பு குறைந்தது. வீட்டில் நூறு கோடி வருடமாகக் குடியிருப்பவரையே காவல்காரர் அந்நியராக நினைத்துவிட்ட கதை இது.

ஏற்பி சத்தம் போட்ட பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வழியில்தான். மைடி88 என்ற புரதம் செய்தியை வாங்குகிறது, என்.எஃப்.கப்பா பி என்ற சாவி உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் திறக்கிறது, இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆகிய அழற்சித் தூதுகள் சுரக்கின்றன. இவை பக்கத்துத் தசைச் செல்லைப் பருக்கச் சொல்கின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை அழைத்து வருகின்றன. நார் நெய்யும் செல்களை உசுப்பிவிடுகின்றன. என் ஆசிரியர் தொட்டுக் காட்டிய வெள்ளைக் கோடுகள் அந்த நார்தான். சுவர் தடிப்பதைவிட நார் படர்வதுதான் எனக்குப் பயம். நார் விழுந்த இதயம் தளர்ந்து விரிய முடியாமல் விறைக்கும். பம்பிங் 62 சதவீதம் என்று நார்மலாகவே இருக்கும், ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். துடிப்பின் மின்னோட்டமும் அந்த நாரில் இடறும்.

இனி எலிக்கு வருவோம். எலியின் இதயத்தை எப்படித் தடிக்க வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் மகன் சொன்னதை எடை போடலாம். எலியை மயக்கி, நுண்ணோக்கியின் கீழே நெஞ்சின் மேல்பக்கம் சின்னதாகத் திறப்பார்கள். இதயம் நிமிடத்துக்கு 500 தடவை துடித்துக்கொண்டிருக்கும். மகாதமனியின் வளைவை ஒட்டி 27 அளவு ஊசி ஒன்றைப் படுக்க வைத்து, ஊசியையும் தமனியையும் சேர்த்துப் பட்டு நூலால் ஒரே முடிச்சாகப் போட்டு, ஊசியை மட்டும் உருவி எடுத்துவிடுவார்கள். ஊசியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இனி ரத்தம் போக வழி. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சில வாரம் கழித்து இதயத்தை எடுத்து எடை போட்டால் அது நன்றாகப் பருத்திருக்கும்.

2005இல் வெளியான ஆய்வில், டி.எல்.ஆர்.4 வேலை செய்யாத எலிகளுக்கு இப்படி முடிச்சுப் போட்டபோது இதயம் மற்ற எலிகள் அளவுக்குத் தடிக்கவில்லை. உங்கள் மகன் படித்தது இதையோ, இதை ஒட்டி வந்த வேறொன்றையோ ஆக இருக்க வேண்டும். மனித இதயம் செயலிழக்கும்போது அதில் டி.எல்.ஆர்.4 கூடுதலாகத் தென்படுவதும் 1999இலேயே தெரிந்திருந்தது. இதுவரை அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2013இல் ஜப்பானிலிருந்து வந்த இன்னொரு ஆய்வையும் அவர் படிக்க வேண்டும். அதே முடிச்சு, இந்த முறை டி.எல்.ஆர்.2 இல்லாத எலிகள். அவற்றுக்கும் இதயம் குறைவாகத்தான் தடித்தது. ஆனால் அவற்றின் நிலைமை மற்ற எலிகளைவிட மோசமாயிற்று. அறை விரிந்தது, இதயம் தளர்ந்தது. தடிக்க வேண்டிய நேரத்தில் தடிக்க விடாமல் செய்ததால் சுமையைத் தாங்க ஆளில்லாமல் போயிற்று. முடிச்சு அப்படியே இருக்கிறது, அழுத்தம் அப்படியே இருக்கிறது, தாங்கும் சுவரை மட்டும் வளர விடவில்லை. எக்கோவில் மி.மீ. குறைந்ததா என்று மட்டும் பார்த்திருந்தால் இதை வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மில் சொல்வோமே, எனக்கு இந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும். ஏற்பி அம்பு. எய்தவன் அந்தப் பட்டு நூல் முடிச்சு. உங்கள் கணவருக்கு 170/104.

ஏற்பியை அடக்க மருந்து உண்டா என்று கேட்டீர்கள். அந்தப் பாதையில் மருத்துவ உலகம் முன்பே நடந்து பார்த்து அடிபட்டிருக்கிறது. இதயம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் டி.என்.எஃப். கூடியிருக்கிறது என்று 1990இல் தெரிந்ததும் பெரிய நம்பிக்கை பிறந்தது. மூட்டுவாதத்துக்குத் தரும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளை இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டனர்செப்ட் மருந்தால் பலன் தெரியாததால் அதன் ஆய்வுகளை நடுவிலேயே நிறுத்தினார்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை அதிக அளவில் பெற்றவர்களுக்கு நிலைமை மோசமானது என்பது 2003இல் வெளிவந்தது. இன்றைக்கும் இதயம் தளர்ந்த மூட்டுவாத நோயாளிக்கு இந்த வகை மருந்தை எழுத மூட்டு மருத்துவர்கள் தயங்குவது அந்த அனுபவத்தால்தான். நேரடியாக டி.எல்.ஆர்.4ஐத் தடுக்கும் எரிடோரான் என்ற மருந்தும் உருவானது. எலிகளில் இதயத் தடிப்பைக் குறைத்தது. மனிதர்களில் அதைப் பெரிய அளவில் சோதித்தது ரத்தம் நஞ்சாகும் கடுந்தொற்றுக்கு. அங்கே அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை. சுவர்த் தடிப்புக்கென்று டோல் ஏற்பியைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்று கடையில் இல்லை.

நல்ல சேதியும் உண்டு. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சி அளவும் கூடியிருந்த 10,061 பேரைச் சேர்த்தார்கள். இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்த்து 15 சதவீதம் குறைந்தன, கொழுப்பு குறையாமலேயே. அழற்சியைத் தொட்டால் இதயத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு அதுவரை கிடைத்ததில் வலுவான சாட்சி அது. ஆனால் அந்த ஊசி போட்டவர்களில் தொற்று வந்து இறந்தவர்கள் அதிகம். காவல்காரரின் வாயைக் கட்டினால் திருடனுக்கும் வசதிதானே. மைடி88 அல்லது அதன் கூட்டாளியான ஐராக்4 இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிகச் சிலர் இருக்கிறார்கள். சாதாரண நிமோனியாக் கிருமி அவர்களுக்கு ரத்தத்திலும் மூளைச் சவ்விலும் பரவி உயிரைக் குடிக்கிறது. அவர்களைப் பற்றிப் படித்த பிறகு, ‘இந்த ஏற்பியை எடுத்துவிட்டால் என்ன’ என்று என்னால் சுலபமாகக் கேட்க முடிவதில்லை.

அழற்சியைக் குறைக்கும் இன்னொரு மருந்துக்கும் உங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் உறவு உண்டு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே கண்வலிக் கிழங்கு, நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின். மூட்டில் யூரிக் அமிலம் படியும் கவுட் நோய்க்குப் பல காலமாகத் தரப்படுவது. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தயாரிக்கும் செல் இயந்திரத்தை அது மட்டுப்படுத்துகிறது. குறைந்த அளவில் கொடுத்தால் இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குப் பலன் தரும் என்று 2019, 2020 ஆய்வுகள் காட்டின. 2024இல் மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே அடைப்பு உள்ளவர்களிடமே விவகாரம் இன்னும் முடியவில்லை, சுவர்த் தடிப்புக்கு அது மருந்தே அல்ல. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், யாராவது படித்துவிட்டுக் கிழங்கை இடித்துக் குடித்துவிடக் கூடாது என்பதுதான். கண்வலிக் கிழங்கு கொடிய விஷம். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

அப்புறம் உங்கள் பொடி. அது எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, அதனால் டோல் ஏற்பி வெறிகொள்ளும் என்ற பயமும் வேண்டாம். என் சந்தேகம் அதில் அதிமதுரம் இருக்கிறதா என்பது. சளிக்கும் தொண்டைக்கும் என்று விற்கும் பல பொடிகளில் அது சேரும். அதிமதுரத்தைத் தினமும் நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். இது நன்றாக நிரூபணமான சங்கதி. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொடியை நிறுத்திவிடலாம். குற்ற உணர்ச்சி வேண்டாம், அன்போடு கொடுத்தீர்கள். இனி அதே அன்போடு மாத்திரையை எடுத்துக் கொடுங்கள்.

மாத்திரையைப் பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ‘ஆயுசுக்கும் விட முடியாது’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மாத்திரை பழக்கப்பட்டுவிடுவதால் அல்ல, பிரஷர் அவரை விடாததால். எடை குறைந்து, உப்புக் குறைந்து, தூக்கம் சரியானால் மருத்துவரே மாத்திரையைக் குறைக்கிற ஆட்களும் உண்டு. அவராக நிறுத்தினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

பிரஷர் மாத்திரை வெறும் எண்ணைக் குறைக்கிற மாத்திரை அல்ல. எய்தவனைப் பிடிக்கிற மருந்து அதுதான். தடித்த இதயம் உள்ள 9,193 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு லோசார்டான், பாதிப் பேருக்கு அடெனோலால் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் பிரஷர் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் லோசார்டான் பக்கம் சுவர்த் தடிப்பு கூடுதலாக வடிந்தது, பக்கவாதம் 25 சதவீதம் குறைந்தது. காரணம், லோசார்டான், டெல்மிசார்டான் வகை மாத்திரைகள் ஆன்ஜியோடென்சின் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கின்றன. அந்த ஹார்மோன் ரத்தக் குழாயை இறுக்குவதோடு நிற்பதில்லை. தசையைப் பருக்கச் சொல்லும், நார் நெய்யச் சொல்லும், நான் மேலே சொன்ன என்.எஃப்.கப்பா பி சாவியையும் திருகும். ஆக, நீங்கள் தேடும் மருந்தில் ஒரு பங்கு அவர் பாதியில் நிறுத்திய மாத்திரை அட்டைக்குள்ளேயே இருக்கலாம். அவருக்கு எழுதியது எந்த மாத்திரை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த வகையில் ஒன்று அவருக்குப் பொருந்துமா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் முடிவு செய்வார்.

தடிப்பு வடிய மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். மூன்றாம் மாதமே எக்கோ எடுத்து 14, 13 ஆயிற்றா என்று பார்க்க வேண்டாம். அளவெடுக்கும் கை மாறினாலே ஒரு மி.மீ. முன்பின் ஆகும். ஒரு வருடம் கழித்து, முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். அதுவரை நம்ப வேண்டியது வீட்டு பிரஷர் மெஷின். மேல் கையில் பட்டை சுற்றும் ரகமாக வாங்குங்கள். பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு.

லாரி ஓட்டுகிறவர் என்பதால் மூன்று விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. இடுப்பு வலிக்கென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? அவை பிரஷரை ஏற்றும், மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். வழியில் சாப்பிடும்போது ஊறுகாய், அப்பளம், கருவாடு எவ்வளவு? ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். இரவில் உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? பகலில் தூக்கம் சொக்குகிறதா? தூக்கத்தில் மூச்சு நின்று போகிறவர்களுக்கு மாத்திரைக்கு அடங்காத பிரஷர் வரும். ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு அதில் வேறோர் ஆபத்தும் இருப்பது உங்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

இன்னொரு கேள்வி, சற்றுக் கூச்சத்தோடுதான் கேட்கிறேன். அவருடைய அப்பா, சித்தப்பா, அண்ணன் தம்பி வழியில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்ததுண்டா? பிரஷரே இல்லாமல் மரபணுவால் இதயம் தடிப்பதும் உண்டு. பெரும்பாலும் அங்கே சுவர் 15 மி.மீ.யைத் தாண்டும். நம் நாட்டில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதையும், அது இதயம் தளரும் வாய்ப்பைக் கூட்டுவதையும் 2009இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் கணவருக்கு 170/104 இருக்கும்போது பிரஷர்தான் முதல் சந்தேகம். ஆனால் குடும்பத்தில் அப்படி மரணம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் ஒரு எக்கோ எடுக்கச் சொல்வார். வேலை செய்யும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.

மாத்திரை அட்டையை வண்டியின் டாஷ்போர்டில் வைக்க வேண்டாம், வெயிலில் கொதித்துப் போகும். தண்ணீர்க் கேனோடு எடுத்துப் போகும் சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். எந்த வேளை லோடு ஏற்றினாலும் மறக்காமல் விழுங்க எது தோதான நேரம் என்று அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள். குறட்டையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் மறக்காமல் எனக்குப் பதில் எழுதுங்கள்.